நோன்பு மாதத்துக்கு மட்டும் திறந்த வாசல்

மன்சூரா நகரில் ஷஹீராவைத் தெரிந்தவர்கள் அவளைச் சந்தேகப் பிறவி என்பார்கள். ரத்த வங்கிகளின் குளிர் அறைகளைக் கவனித்துக்கொள்ளும் கணினிப் பெட்டிகளைச் செய்கிற ஒரு சிறு கம்பெனியில் பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பெட்டி வெளியே கிளம்பும்போது அதற்குள் எந்த மென்பொருள் சேவை தானாக ஓட வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்வது. அவள் எல்லாவற்றையும் மூடித்தான் அனுப்புவாள். பெட்டியை மருத்துவமனையில் மாட்டப் போகிற ஆட்கள்தான் வேண்டியதைத் திறந்து, கடவுச்சொல் வைத்துவிட்டு வர வேண்டும்.

"உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தா வாசல்லயே அடையாள அட்டை கேப்பீங்களாமே, இன்ஜினியரம்மா?" என்று மேலாளர் ரிஃபாத் சீண்டுவார்.

"உங்ககிட்ட மட்டும் ரெண்டு கேப்பேன்."

நோன்பு மாதம் வந்தது. சூரியன் மறைவதற்குள் வீடு போய்ச் சேர ஊரே பறக்கும் மாதம். மாட்டப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ரிஃபாத் அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"தூரத்திலேருந்து உள்ளே நுழையற சேவையை மட்டும் திறந்தே அனுப்பும்மா. எல்லாத்துக்கும் ஒரே கடவுச்சொல். பசங்க மாட்டிட்டு ஓடட்டும், மிச்சத்தை இங்கேருந்தே பாத்துக்கலாம். இந்த ஒரு மாசம்தான்."

பட்டினி வயிற்றோடு நிற்கிறவர்களிடம் முகத்தை முறித்துப் பேச அவளால் முடியவில்லை. தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை, இந்தக் கதையைச் சொல்கிற என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்ததுமே பழையபடி எல்லாவற்றையும் மூடி, எல்லா ஊருக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பை அனுப்பிவிட்டு நிம்மதியானாள். அவள் மறந்தது, அவளே எழுதிய ஒரு விதியை. மருத்துவமனைக்காரர்கள் செய்துகொண்ட மாற்றம் அழிந்துவிடக் கூடாதே என்று, ஏற்கெனவே மாட்டிய பெட்டியின் அமைப்பைப் புதுப் பதிப்பு தொடாதபடி வைத்திருந்தாள். புதிய பெட்டிகள் மூடியே போயின. நோன்பில் மாட்டிய நாற்பத்தொரு பெட்டிகளும் திறந்தே கிடந்தன.

ஏழு வாரம் கழித்து ஒரு முற்பகலில், பக்கத்து ஊரான தல்காவில் ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் இன்ஷிராஹ் அழைத்தாள்.

"திரையில நாலு டிகிரின்னுதான் காட்டுது. ஆனா ரத்தப் பையைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கே, இன்ஜினியரம்மா?"

ஷஹீரா தன் மேஜையிலிருந்தே அந்தப் பெட்டிக்குள் நுழைந்தாள். பழைய பொதுக் கடவுச்சொல்லே வேலை செய்தது. உள்ளே ஏற்கெனவே யாரோ வெளியாள் இருந்தார்கள், பதினோரு நாளாக, அறையைச் சூடாக்கிவிட்டு, திரையில் மட்டும் நாலைக் காட்டியபடி.

"எந்தப் பையையும் தொடாதீங்க! அந்த அறையிலேருந்து எடுத்து எத்தனை பேருக்கு ஏத்தினீங்க?"

மறுமுனையில் பதிவேட்டின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு மட்டும் கேக்கறீங்களா?" என்றாள் இன்ஷிராஹ்.