அரிவரி ஒழுங்கில் ஒரு கலியாணம்

அக்காவின் கலியாணத்துக்குப் படம் பிடித்தது நான்தான். கலியாணம் முடிந்து நாலாம் நாள் விருந்தான நாலாஞ்சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் தெல்லிப்பழையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ரிவித் திரையில் படங்களைக் காட்டி அவர்களை அசத்திவிட வேண்டுமென்று எனக்கு ஒரே துடிப்பு. முதல்நாளே கமெராவின் மெமரி கார்டைக் கணினியில் போட்டு, படங்களுக்கெல்லாம் ஆசையாகத் தமிழ்ப் பெயர் வைத்திருந்தேன்: அக்கா அழுகை, கூறைச்சேலை, சாப்பாட்டுப் பந்தி, தாலி கட்டு, மாப்பிள்ளை வருகை.

சாப்பிட்டு முடிந்து எல்லோரும் ரிவிக்கு முன்னால் கூடினார்கள். கார்டைக் கமெராவுக்குள் போட்டு, கமெராவை வயரால் ரிவியில் கொழுவினேன். ‘படம் இல்லை’ என்று வந்தது. கார்டைக் கழற்றித் திரும்பவும் போட்டேன்; அதே பதில்தான்.

அதுவரை ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் வாயே திறக்காத புது மாப்பிள்ளை அத்தான் எழும்பி வந்தார்.

“படங்களின்ரை பேரை மாத்தினீரோ?”

“ஓம் அத்தான். தமிழிலை வைச்சனான்.”

“அதுதான் சங்கதி. ஒரு கமெராவின்ரை கார்டை மற்றக் கமெராவிலையும் பாக்கலாமெண்டு கொம்பனியள் சேந்து ஒரு விதி வைச்சிருக்கினம். நாலு இங்கிலீசு எழுத்து, பிறகு நாலு இலக்கம். வேறை பேரெண்டால் கமெரா திரும்பியும் பாக்காது.”

இருவரும் கணினிக்கு ஓடினோம். “என்ன, கலியாணத்தைத் துலைச்சுப்போட்டியளோ?” என்று அத்தானின் அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். அந்த அவசர அந்தரத்தில் எல்லாப் படங்களுக்கும் ஒரேயடியாக இங்கிலீசு எழுத்தும் இலக்கமும் விழச் செய்தேன். கணினி அவற்றை அகர வரிசையில் அடுக்கி, அந்த ஒழுங்கிலேயே இலக்கம் போட்டதை நாங்கள் கவனிக்கவில்லை.

ரிவியில் கலியாணம் தொடங்கியது. முதலில் அக்கா விம்மி விம்மி அழுதாள். பிறகு கூறைச்சேலை வந்தது. அடுத்ததாகச் சனம் பந்தியில் இருந்து பாயாசம் குடித்தது. அதற்குப் பிறகு தாலி ஏறியது. எல்லாம் முடிந்தபின் மாப்பிள்ளை மாலையோடு காரிலிருந்து இறங்கினார்.

“எட, சாப்பாடும் முடிஞ்சாப்பிறகே என்ரை பிள்ளை வந்தவன்?” என்றார் அத்தானின் அம்மா.

“ஆளைக் காணமுந்தியே நான் அழுதிட்டன், மாமி!” என்றாள் அக்கா.

வீடே அதிர்ந்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு விக்கல் எடுத்தது. அத்தான் சிரிப்புத் தாங்காமல் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

ஒழுங்கைத் திருத்தித் தருகிறேன் என்றேன். ஒருவரும் விடவில்லை. “உப்பிடியே இன்னொருக்காப் போடு பிள்ளை,” என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மூன்றாம் தடவை ஓடியபோது அத்தான் எழுந்து நின்று படத்துக்குப் படம் வர்ணனை சொல்லத் தொடங்கினார். இப்படியும் கதைப்பாரா என்று அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.