பெட்டி வெளியே போயிருந்த நாள்

கூலிங் என்றால்தான் எங்கள் பக்கம் அவனைத் தெரியும். பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவன் பெண்டாட்டியே கொஞ்சம் யோசிப்பாள்.

அவன் அப்பா செத்தது நல்ல கோடையில். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ரொம்பத் தூரம். அவள் ஏறிய பஸ் வழியில் படுத்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்த ஆரம்பித்ததும், இனி வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். அக்கா வந்து இறங்கியபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

"ஊர்ல இருக்கிற ஐஸ்கிரீமையெல்லாம் கெடாம வச்சிருக்கே. அப்பாவை ஒரு நாள் வச்சிருக்க முடியலையாடா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவனைத் தின்றுவிட்டது. இழுத்து மூடின இனிப்புக்கடையிலிருந்து பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். தகடு வெட்டி நீளமாக்கி, செம்புக் குழாயைப் பற்றவைத்து, புது கம்ப்ரசர் மாட்டி, ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி செய்தான். மூடியின் ஓரத்தில் அப்பா பேரை எழுதி, கீழே 'நினைவாக' என்று போட்டான். யாரிடமும் காசு கிடையாது. முதலில் கேட்கிற வீட்டுக்குப் போகும். உடம்பை எடுக்கிறவரை பெட்டி அந்த வீட்டுடையது. இதுதான் அவன் சட்டம். ஏற்றி இறக்குவது என் வண்டி. "தர்மம் உன்னுது, டீசல் என்னுதா?" என்று சண்டை போடுவேன். போட்டுக்கொண்டே போவேன்.

ஒரு பெரிய வீட்டில் மூடியின்மேல் துண்டைப் போட்டு அவன் அப்பா பேரை மறைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலிங் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தான்.

பிறகு அவன் அம்மா செத்தாள். அதுவும் கோடைதான். அக்கா போனிலேயே கதறினாள்: "நான் கிளம்பிட்டேன்டா. நாளைக்குக் காலையில வந்துடுவேன். அம்மா முகத்தையாவது காட்டு."

பெட்டி முதல் நாளே ஒரு லாரி டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு பெட்டியோ கம்ப்ரசர் கருகி, ரிப்பேருக்கு வந்து கூலிங்கின் பட்டறையிலேயே பிரித்துப்போட்டுக் கிடந்தது. சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

"சட்டமாவது மண்ணாவது! உன் பெட்டிடா. போய்த் தூக்கிட்டு வரலாம், வா" என்று அவனை வண்டியில் ஏற்றினேன்.

டிரைவர் சம்சாரம் எங்களைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். "கரண்ட் போய்ப் போய் வருது தம்பி. பையன் விடியறப்பதான் வருவான். அதுவரைக்கும் அவர் முகம் நல்லா இருக்குமா?"

கூலிங் குனிந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டான். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இருக்கும்மா. பையன் பார்க்கலாம், பயப்படாதீங்க" என்றான். திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

"கேட்டியா?"

"இல்ல. வண்டியை எடு."

எனக்கு வந்த கோபத்தில் அவனை நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். செத்தது அவன் அம்மாவாகப் போய்விட்டது.

ஐஸ் கட்டிகளை வாங்கிச் சுற்றி அடுக்கிப் பார்த்தோம். அம்மாவுக்குக் காலில் ஆறாத சர்க்கரைப் புண். மத்தியானத்துக்குமேல் யாராலும் அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தோம். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிரைவர் மகன் வந்து அப்பாவைப் பார்த்தான். உடனே எடுத்துவிட்டார்கள். நான் பெட்டியைக் கொண்டுவந்து கூலிங் வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வந்து சேர்ந்தாள். பையைப் போட்டுவிட்டு, "அம்மா!" என்று ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தாள். கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கடா?"

"நேத்தே எடுத்தாச்சுக்கா. பெட்டி வேற வீட்டுல இருந்துச்சு." கூலிங் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போய் நின்னேன். கேட்க மனசு வரலை."

அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. மெதுவாக எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஊருக்கெல்லாம் முகம் காட்டுறே. எனக்கு மட்டும் ரெண்டு தடவையும் மண்ணைக் காட்டிட்டே." மூடியில் இருந்த அப்பா பேரைப் பார்த்தாள். "அம்மா பேரை இதுல எழுதிடாதே."

அவன் எழுதவில்லை.