தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாத கார்

என் பழைய காரை நான் ஓட்டினேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. காலையில் நாலு பேர் தள்ளினார்கள். மிச்சத் தூரத்துக்கு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கரபத்தனையிலிருந்து டயகம போகிற ரோட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கீழே ஒரு வளைவில் என் வீடு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரே மகள் கட்டாரில். வீட்டுக்குள் என்னோடு பேசுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் என்னைப்போலவே முனகுமே தவிர, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது.

அந்தக் கார் என் கல்யாணத்தைவிட மூத்தது. மலைக்குளிரில் அதற்குக் காலையில் உயிர் வராது. சாவியைத் திருப்பினால் நாலு தடவை இருமும், பிறகு அடங்கிவிடும். அந்த இருமல்தான் மணி. காலை ஆறே முக்காலுக்கு ஆண்கள் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, என் வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். இருமல் கேட்டதும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை மதிலோரம் சாத்திவிட்டு உள்ளே வருவார்கள். அவர்களுக்குத் தலைவர்போல ஒருவர் இருந்தார், அவரைத்தான் நான் கவ்வாத்துக்காரர் என்பேன். காலையில் தோட்டத்தில் கவ்வாத்து, பிற்பகலில் டவுனில் ஆட்டோ. தேயிலைச் செடியை வெட்டுகிற அதே கையோடு என்னையும் வெட்டுவார்.

"மாஸ்டர், காருக்குப் பெட்ரோல் ஊத்துறது மலிவா, எங்க நாலு பேருக்குச் சோறு போடுறது மலிவா? நீங்க கணக்கு மாஸ்டருதானே, பாத்துச் சொல்லுங்க."

அடுத்திருக்கிற தேத்தண்ணிக் கடை வரைக்கும் ரோடு ஏறக்குறைய மட்டம். கடையை நெருங்கும்போது கார் புகையைக் கக்கி உயிர்பெறும். அந்தச் சத்தத்துக்குக் கடைக்கார அக்கா பாலில்லாத பிளேன்டீ ஐந்து ஊற்றி வைத்திருப்பார். ஒருமுறை, என் காரால் ஆட்கள் பெரட்டுக்குப் பிந்துகிறார்கள் என்று, வேலையை மேற்பார்க்கிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சண்டைக்கு வந்தார். அன்றைக்குத் தள்ள ஆள் குறைவாக இருந்ததால் அவரையும் தள்ள வைத்துவிட்டோம். எல்லாம் முடிந்ததும் நான் டவுனுக்குப் போய் ஒரு பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். என் ஒரு நாள் வேலை அவ்வளவுதான். நாடே பெட்ரோல் வரிசையில் காரைத் தள்ளிக்கொண்டு நின்ற நாட்களில், பழக்கப்பட்ட தோரணையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் போனில் கேட்டாள்: "அப்பா, அந்த ஓட்டைக் கார் எங்கயாச்சும் வழியில நின்னுருச்சுன்னா உங்களுக்கு யாரு இருக்கா?"

பாதிப் பணம் தான் தருவதாகவும், ஹைபிரிட் காராகப் பார்க்கும்படியும் சொன்னாள்.

கணக்கு மாஸ்டர் சும்மா போய்க் கார் வாங்குவானா? சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை. ஏற்றத்தில் மோட்டார் கைகொடுக்கும், இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும், பிரேக் தேயாது. எங்கள் மலைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? நன்மை. பெரிய பேட்டரி செத்துப்போனால் அந்தக் காசில் வீட்டுக்குப் புதுக் கூரையே போடலாம். தீமை. பழைய ஹைபிரிட்டை வாங்குவதா, அதைவிடப் புதிய சாதாரணப் பெட்ரோல் காரை வாங்குவதா என்று மூன்று மாதம் எழுதி எழுதி அடித்தேன். பேட்டரி இன்னும் ஏழெட்டு வருஷம் வரும் என்றார்கள். நான் எத்தனை வருஷம் வருவேன் என்கிற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.

கடைசியில் ஒரு காரைப் பிடித்து, ஹட்டனில் ஒரு சிங்கள மெக்கானிக்கிடம் காட்டினேன். பாதி சிங்களம், பாதி தமிழில் பேசுகிற பொறுமையான மனுஷன். ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ செருகி, போனில் பேட்டரியின் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார். பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஓட்டையில் விரலை விட்டுத் தூசி பார்த்தார். மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்களா என்று பெடல் ரப்பரின் தேய்மானத்தை வைத்துச் சொன்னார். இல்லையாம். எல்லாம் முடிந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று கேட்டார்.

டவுனுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நுவரெலியா போவேன், ஹட்டன் வருவேன் என்றேன். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், சில நேரம் வலப்பனைக்கும் போவேன் என்று சேர்த்துக்கொண்டேன். வலப்பனையில் எனக்கு ஒரு ஈ, காக்கையைக்கூடத் தெரியாது.

அப்படியென்றால் பயமில்லை என்றார் அவர். கார் சும்மா கிடந்தால்தான் பிரச்சினையாம். பெரிய பேட்டரியைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் பின்னால் சின்னப் பேட்டரி ஒன்று இருக்கிறது, ஓடாத காரில் அதுதான் முதலில் இறங்கும். அது இறங்கினால் வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஆயிரம் பேர் சேர்ந்து தள்ளினாலும் இந்தக் கார் ஸ்டார்ட் ஆகாது.

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி விஷயத்தை நன்மைப் பக்கத்தில் எழுதினேன்: "இனித் தள்ள வேண்டியதில்லை." கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பழைய காரை வாங்கிப் போனவர் வலப்பனைக்காரர். ஆக, இப்போது எனக்கும் அங்கே ஒரு தெரிந்தவர் உண்டு.

புதுக் காருக்குக் கோயிலில் பூசை போட்டு, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். மறுநாள் காலை நால்வரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பட்டனை அமுக்கினேன். டேஷ்போர்டில் 'ரெடி' என்று பச்சை எழுத்து வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நான் சொன்னேன். கவ்வாத்துக்காரர் பானெட்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய் டிக்கியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். கார் தானாகப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். நாலு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் கத்திகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. ஏன் வர வேண்டும்? ஆறே முக்காலுக்கு வளைவைக் கடக்கும்போது கையைத் தூக்குவார்கள், நானும் கண்ணாடிக்கு உள்ளிருந்து தூக்குவேன். கார் பேட்டரியிலேயே ஊர்ந்து கடைக்குப் போகும். ஒருநாள் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டார். "பூனையாட்டம் வந்து நிக்கிறீங்களே மாஸ்டர்!" பிளேன்டீயும் தயாராக இல்லை. அடுப்பில் தண்ணீரை வைத்தார். காரைப் பற்றிக் கேட்டார். ஒரு கோளாறும் இல்லை என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கட்டிலில் கிடந்தேன். ஒருவரும் கேட்டைத் தட்டவில்லை. நாலாம் நாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு நடந்து போனபோது, மகளிடம் போய்விட்டேன் என்று நினைத்ததாக அக்கா சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் வீட்டில் இருந்தாலும் சத்தமில்லை, இல்லாவிட்டாலும் சத்தமில்லை. முன்பெல்லாம் ஏழு மணிவரை இருமல் கேட்காவிட்டால் கவ்வாத்துக்காரர் கேட்டில் நின்று கத்துவார்: "மாஸ்டர், கார் செத்துருச்சா, நீங்களா?"

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து இதைத் தீமைப் பக்கத்தில் எழுதப் பார்த்தேன். 'சத்தம் இல்லை' என்று நன்மைப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். என் கையெழுத்துத்தான். கொப்பியை மூடி வைத்தேன்.

காய்ச்சலும் மழையுமாகக் கார் பத்து நாள் ஓடவில்லை. பதினோராம் நாள் காலையில் பட்டனை அமுக்கினேன். பச்சை எழுத்து வரவில்லை. விளக்குகள் மங்கலாக எரிந்தன, எங்கோ டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. சின்னப் பேட்டரி. மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுப்புகிற வயர்கூட வாங்கி டிக்கியில் வைத்திருந்தேன், அதுவும் கொப்பியில் இருக்கிறது. கியரை நியூட்ரலுக்கு மாற்ற மட்டும் காரில் உயிர் மிச்சமிருந்தது. மணியைப் பார்த்தேன். ஆறே முக்கால்.

கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்து, கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று கேட்டேன்.

கத்திகள் மதிலோரம் சாய்ந்தன. லட்சம் லட்சமாகக் கொடுத்து இதைத்தானா வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். பழைய காரைவிடக் கனம், பேட்டரியா, மாஸ்டர் கொழுத்துவிட்டாரா என்று இன்னொருவர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கை பிரேக்கில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்தக் கூச்சலைக் கேட்டு அக்கா கடை வாசலுக்கே வந்துவிட்டார். கடையை அடைந்தோம். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆகாது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை முயற்சி செய்யலாமா என்றுகூடக் கேட்டேன்.

கவ்வாத்துக்காரர் மூச்சிரைக்க என் ஜன்னலில் சாய்ந்தார்.

"இந்த வகைக் காரத் தள்ளி எடுக்க ஏலாது மாஸ்டர். ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா தள்ளுனீங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

உங்களுக்குத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. நான் கை பிரேக்கை மறுபடியும் இழுத்தேன். அது ஏற்கெனவே இழுத்துத்தான் இருந்தது. ஐந்து பிளேன்டீயும் முடிந்த பிறகு அவர் லயத்திலிருந்து தன் ஆட்டோவைக் கொண்டுவந்து, என் டிக்கியில் இருந்த வயரைக் கொடுத்தார். ஒரே நிமிஷம். பச்சை எழுத்து வந்துவிட்டது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் ஓடினார்கள்.

சின்னப் பேட்டரியை உடனே மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கவ்வாத்துக்காரர் போனார். ஒரு மாதமாகிறது. எந்த வகை நல்லது, எத்தனை வருஷம் வரும், என்ன விலை என்று கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்கி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன், முடிவுதான் வரவில்லை. கடையில் யாராவது கேட்டால், அவசரப்பட்டு வாங்கக் கூடாது என்கிறேன்.

தினமும் ஆறே முக்காலுக்குக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறேன். பனிக்குள் அவர்கள் பேசிக்கொண்டு வருவது கேட்கும். இதுவரைக்கும் ஒவ்வொரு காலையும் பச்சை எழுத்து வந்துவிடுகிறது. நம்பகமான வண்டி என்று தெரிந்துதானே வாங்கினேன்.