நரி நின்ற பக்கம்

அடுத்த அறையில் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் பால் மாவைக் கரைத்துக்கொண்டிருந்த தெரேசா கரண்டியைக் கீழே வைத்தாள். ஓடவில்லை. கிழிந்த பிறகு ஓடி என்ன ஆகப்போகிறது?

பிள்ளைக்காம்பராவின் பாய் நடுவே நான்கு வயது லோஜினி படப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கங்களைக் கவ்விப் பிடித்திருந்த துணிக்கிளிப் மூலையில் கிடந்தது. தடுக்கப்போன சிறுவன் கிறிஸ்டியனின் கையில் அவள் பல் தடம். தெரேசா அவன் கையைக் கழுவிவிட்டு, கிழிந்த தாளை எடுத்து மேலே வைத்தாள். லோஜினியைத் திட்டவும் இல்லை.

வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் இந்தப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் தெரேசா. பேசிய கல்யாணம் நின்றுபோன வருஷம் இந்த வேலைக்கு வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பொறுமை பழக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு நாளைக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்தான். மீதியைக் கிளிப் போட்டு மூடி, “மிச்சம் நாளைக்கு” என்பாள். முதலில் எல்லாப் பிள்ளைகளும் முரண்டு பிடிக்கும். அப்புறம் அந்த ஒரு படத்தையே மேய்ந்து, கோழி எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது, வேலியில் எந்தக் குச்சி ஒடிந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கும். லோஜினி மட்டும் பழகவில்லை.

பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும் அவள் அம்மா கிருஷாந்தி வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கிறிஸ்டியனின் கையைப் பார்த்தாள்.

“இன்னிக்குமா? சரி, இவ உடுப்ப எடுத்துக் குடுங்க டீச்சர். சாயந்தரம் எங்க அக்கா வருது. டயகமைக்குக் கூட்டிட்டுப் போகட்டும்.”

“அக்காவுக்கே மூணு இருக்கே.”

“மூணோட நாலாக் கெடக்கட்டும். மலையில கூடக் கொழுந்து எடுக்கிறவளுக என்னய நிக்கவிட மாட்டேங்கிறாளுக. ‘நீ பெத்தது புள்ளயா, கீரிப்புள்ளயா’ன்னு கேட்டுச் சிரிக்கிறாளுக. இவ அப்பா கொழும்புக் கடையில. நான் ஒருத்தி எத்தன பேருக்குப் பதில் சொல்ல? மாசம் ஒருக்கா போய்ப் பாத்துக்கிறேன்.”

மாசம் ஒருக்கா என்றபோது அவள் பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை.

தெரேசா பெட்டியைத் திறந்து சின்னச் சட்டைகளை மடித்தாள். பெற்றவள் கேட்கிறாள், கொடுக்கத்தானே வேண்டும்.

“லீவு ரெண்டு நாளும் வீட்டுல எப்படி இருந்தா?”

“எங்க இருந்தா? ஞாயித்துக்கெழமையும் சோறு திங்கல, நேத்து போயாவுக்கும் திங்கல. ‘நரி வந்துருச்சா, நரி வந்துருச்சா’ன்னு ஒரே கேள்வி. லயத்து வீட்டுல ஏதுடி நரின்னு ஒண்ணு வச்சேன். அப்புறம் வெறகுக்கட்டய இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு ஒக்காந்துட்டா.”

தெரேசாவின் கை நின்றது. சனிக்கிழமை காட்டிய பக்கத்தில் கோழி அடைகாத்திருந்தது. வேலிக்கு வெளியே நரி நின்றது. அங்கேதான் கிளிப்பை மாட்டி, வாய்ப்பழக்கத்தில் “மிச்சம் நாளைக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் ஞாயிறு, அதற்கு மறுநாள் பௌர்ணமிப் போயா லீவு என்று பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? இன்று காலை வந்ததும் வராததுமாக அது புத்தகம் கேட்டபோதும், பால் குடித்த பிறகு என்றுதான் சொன்னாள்.

“தப்பு எம்மேல கிருஷாந்தி. நரிய வேலிகிட்ட நிறுத்திட்டு நான் நிம்மதியா லீவுல இருந்திருக்கேன்.”

சட்டைகளை விட்டுவிட்டுப் பாயில் லோஜினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழிந்த தாளைப் புத்தகத்தில் அதன் இடத்தில் பொருத்தி, எங்கும் நிறுத்தாமல் படித்துக்கொண்டு போனாள். நரி வேலியை நோண்டியது, கோழி கத்தியது, நாய் குரைத்தது, நரி ஓடியது. கடைசிப் பக்கத்தில் குஞ்சுகள். லோஜினி ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

“எல்லாம் இருக்கு,” என்றாள். பிறகு, “மொதல்லேருந்து.”

இரண்டாம் தடவை நரியின் பக்கம் வந்தபோது தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருங்க டீச்சர், திருப்பாதீங்க.” வேலியைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், நரியின் வாலையும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்த கிறிஸ்டியன் அந்தப் படத்தின் மேலேயே கையை வைத்தான். கிருஷாந்தி ஒரு அடி முன்னால் வந்தாள். லோஜினி அந்தக் கையைத் தள்ளிவைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கிருஷாந்தி மடித்த சட்டைகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

“அக்கா பஸ் ஏறியிருக்குமே.”

“வந்து டீ குடிச்சிட்டுப் போகட்டும்.”

“இவ இன்னொருக்கா கடிச்சா?”

“கடிப்பா. ஒரே நாள்ல நிக்குமா? கடிச்சா எங்கிட்ட வந்து சண்ட போடு. டயகமைக்கு அனுப்பாத.”

“மலையில சிரிப்பாளுக.”

“சிரிக்கட்டும்.”

மலையிலிருந்து கங்காணியின் குரல் கேட்டது. கிருஷாந்தி வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை படத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அவள் படியிறங்கினாள். கீழிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. தெரேசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.