காசிமின் தூண்டில் கம்பு

காசிமின் தூண்டில் கம்பை ஆறு கொண்டுபோகவில்லை. நாங்கள் ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்த நாளில், குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வந்த ஒருவரிடம் நான்தான் விற்றேன்.

போன வாரம் தென்காசிக் கடையொன்றில் பேரனுக்குப் பந்து வாங்கும்போது, ஒரு தூண்டில் கம்பைக் கையில் தந்து, "வெயிட்டே தெரியாது அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். அதே கனமின்மை. உள்ளங்கை கூசியது.

இறகால் செய்த ஈயைக் கட்டி வீசும் அந்தக் கம்பு, காசிமின் வாப்பா கொழும்பிலிருந்து கடைசியாக அனுப்பியது. அதன்பின் அவர் இறந்துபோன மவுத்துச் செய்திதான் வந்தது. ஆற்றுப்பக்கமே போகக்கூடாது என்ற உம்மாவுக்குப் பயந்து காசிம் அதை என் வீட்டில் வைத்திருந்தான். விற்ற காசு சினிமாவிலும் பரோட்டாவிலும் தீர்ந்தது.

"சிற்றாறு இழுத்துட்டுப் போயிட்டுலே" என்றேன். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல், கரையோர நாணலை விலக்கி விலக்கித் தேடினான்.

கடையில் பார்த்த கம்பையே வாங்கிக்கொண்டு காசிம் வீட்டுக்குப் போனேன். படியேறவே மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கம்பை ஒருமுறை வளைத்துப் பார்த்தான்.

"வித்தது கெடக்கட்டும்லே. மூணு நாளும் நீயும் எங்கூட இடுப்பளவு தண்ணியில நின்னு தேடுனியே, அது எதுக்கு?"

அவன் தந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன். கம்பை என் மடியில் வைத்தான்.

"டீ ஆறுது. குடிச்சிட்டு, இதையும் எடுத்துட்டுப் போ."