ஆவாரை நின்ற இடம்

சித்திரை வெயிலிலும் ஆவாரஞ்செடியின் அடியில் கையை விட்டால் மண் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் விரல்களில் இருக்கிறது.

குன்னத்துக்கு அருகே எங்கள் ‘சுக்காங்கொல்லை’, வெள்ளைச் சுக்கான்கல்லும் காற்றில் பறக்கும் புழுதியுமாகக் கிடந்தது. யுத்தத்தில் அப்பா பட்டாளத்துக்குப் போன வருஷம், அம்மா அதில் கடப்பாரையால் குழி போட்டு ஆவாரை விதை ஊன்றினாள். சித்தப்பா கைகொட்டிச் சிரித்தார். “ஆடுகூட வாய் வெக்காத செடிக்குக் கொடத்துல தண்ணி தூக்குறீங்களே அண்ணி!”

“புழுதியாவது நிக்கட்டும் தம்பி” என்றாள் அம்மா.

செடிகள் இடுப்புயரம் வளர, காற்று கொண்டுவந்த புழுதியும் உதிர்ந்த இலையும் ஒவ்வொன்றின் அடியிலும் சேர்ந்து மெத்தையாயின. ஆனால் மெத்தையை உண்ண முடியாதே; தவசம் தானியம் கிடைக்காத காலம். “இந்த வருஷ வெள்ளாமையும் போச்சுன்னா வூட்டைப் பூட்டிட்டு உங்க அம்மா வூட்டுக்குப் போயிடுங்க” என்றார் சித்தப்பா. அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை என்பதே என் கவலை.

ஆடி மழை பெய்ததும், உதவி செய்வதாக நினைத்து, அவர் செடிகளையெல்லாம் தரையோடு வெட்டியெறிந்து, உழுது, சோளம் விதைத்துவிட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

பயிர் எழுந்தபோது கொல்லை, புள்ளி வைத்து இழுக்காமல் விட்ட கோலம்போல் இருந்தது. செடி நின்ற இடங்களில் மட்டும் வட்டம் வட்டமாகக் கரும்பச்சை. இடையில் வெளிறிய சில தாள்கள்.

“என்ன அண்ணி, சோளம் கும்பல் கும்பலா உக்காந்து ஊர்க்கதை பேசுது?” என்று சிரித்த சித்தப்பா, ஒரு வட்டத்தில் கைவிட்டு மண்ணை அள்ளினார். கறுத்த ஈரமண் விரலில் ஒட்டியது. அறுவடைக்குப் பின் மடிநிறைய ஆவாரை விதையோடு அவரே வந்தார். “மிச்ச எடத்துலயும் ஊனிடலாமா அண்ணி?”

அந்த வட்டங்கள் தந்த சோளத்தில் கூழ் குடித்து நான் பள்ளிக்குப் போனேன். யுத்தம் முடிந்து அப்பா வந்தபோது வீடு திறந்தே இருந்தது.

இப்போது அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வாசலில் அதே வெள்ளை மண். அதில் ஆவாரை நட்டது சரிதானா, ரோஜா வைத்திருக்கலாமோ, குழந்தை இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாளோ என்று தினமும் யோசிக்கிறேன். போன வாரம் ஊருக்குப் போனபோது, கொல்லையில் ஓர் ஆவாரஞ்செடிகூட இல்லை, வட்டங்களையும் காணோம். வரப்பு முதல் வரப்பு வரை சோளம் ஒரே கரும்பச்சையாக, ஒரே உயரத்தில் நின்றது.

திரும்பி வந்ததும் வாசல் செடியின் அடியில் கையை விட்டேன். கொஞ்சம் சில்லென்று இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. மகளின் கையையும் பிடித்து மண்ணுக்குள் வைத்தேன். அவள் கையை எடுக்கவில்லை.