பலகையின் முதுகு

குவாபரா சதாவோ முப்பத்தோரு வருடம் பால் டேங்கர் ஓட்டியவர். ஆளில்லாத பனிச்சாலையில்கூட இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதில்லை. ஓய்வுபெற்ற பின் கொக்குகளைப் படமெடுக்கத் தொடங்கினார். விடியுமுன் ஆற்றுப்பாலத்தில் முக்காலி நட்டு இடம்பிடிக்கிற கூட்டத்துக்கு ஒழுங்குக் குழு ஒன்று உண்டு, தலைவர் அவரே. பறவைகள் மிரளுமென்று கரையோரம் கயிறு கட்டி, ‘தாண்டாதீர்’ என்று பலகை எழுதி நட்டவரும் அவரே.

அந்தக் கயிற்றை அவர் தாண்டியது ஒரே ஒரு தடவை, எட்டே எட்டு அடி. அன்று எடுத்த படம்தான் ஊர்க் காலண்டர் போட்டியில் முதல் பரிசுக்குத் தேர்வானது. நல்ல கோணம் எப்போதும் கயிற்றுக்கு அந்தப் பக்கமே இருந்து தொலைக்கிறது.

பிறகு கடிதம் வந்தது: பரிசை அறிவிக்குமுன், படத்தின் ரா ஃபைலோடு நேரில் வரவும். தாண்டியது தெரிந்தால் பரிசு போகும். பாலத்தில் முகம் காட்டவும் முடியாது.

ரா ஃபைல் என்பது கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் முழுதும், சமைக்காமல் அப்படியே. திரையில் தெரிவதைவிட அதிகம் அதற்குள் கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தார். அந்த அதிகம் என்ன என்பதுதான் பயம். மூன்று நாளாக மிசோ சூப்கூட உள்ளே இறங்கவில்லை. ஃபைலைத் திறந்து திறந்து பார்த்தார். வெளிறிய ஆறு, நான்கு கொக்கு, இடது மூலையில் கும்மிருட்டு. அவ்வளவுதான்.

“அவங்க சோத்த ருசி பாத்துத்தானே பரிசு குடுத்தாங்க? இப்ப எதுக்கு அரிசியக் கேக்கறாங்க?” என்றாள் மனைவி மித்ஸுயே.

“கலப்படம் இருக்கான்னு பாக்கணுமாம்.”

“கலந்தீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏங்க சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க?”

ஊர் அலுவலகத்தில் நடுவர் ஹாதோரி அம்மாள் ஃபைலைத் திறந்தாள். “நாலு கொக்கும் அசல்தான், குவாபரா சான். போன வருஷம் ஒருத்தர் படத்துல ஏழு கொக்கு. ஃபைல்ல மூணுதான் இருந்துச்சு.”

அவர் சிரிக்க முயன்றார், தாடை ஒத்துழைக்கவில்லை.

“நிழலையும் கொஞ்சம் வெளுக்க வெச்சுப் பாத்துடறேன். வழக்கந்தான்.”

அவள் விரல் நகர நகர, மூலை இருட்டு கரைந்தது. முதலில் கயிறு. பிறகு ஒரு பலகையின் முதுகு. வெறும் மரம், இரண்டு ஆணி. இரண்டாவது வளைந்திருந்தது. கையுறையோடு அடித்தால் அப்படித்தான் வளையும். பாலத்திலிருந்து பார்த்தால் எழுத்துதான் தெரியும். முதுகு தெரிய, கயிற்றுக்கு உள்ளே நிற்க வேண்டும்.

“ஏதோ பழைய வேலி போல” என்று அவள் முத்திரையை மையில் ஒற்றினாள்.

தப்பித்தாயிற்று. ஆனால் பயம் போகவில்லை, உட்கார்ந்துகொண்டது. காலண்டரின் முதல் பக்கமாக, ஜனவரி முழுக்க, வீட்டுக்கு வீடு, அந்தக் கறுப்பு மூலை அவரைப் பார்த்துத் தொங்கும்.

“கொஞ்சம் இருங்க. அது வேலி இல்ல. அதுக்கு முன்பக்கம் ஒண்ணு இருக்கு. நான்தான் எழுதினேன்.”

முத்திரை காகிதத்துக்கு மேலேயே நின்றது. “என்னன்னு?”

“‘தாண்டாதீர்’னு.”